மலைச்சரிவின் மேல்மண்

ஒட்டன்சத்திரத்துக்குத் தெற்கே, வடகாடு, பாச்சலூர் என ஏறிச்செல்லும் கீழ்ப்பழனி மலைச்சரிவுகள் பலவற்றில் மேல்மண் மறைந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைதோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப்போனதால், துக்கம் கேட்க யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை.

பாறை பொடிந்து, அதன்மேல் காட்டுமரங்களின் சருகு விழுந்து மக்கி, மண்புழு கிளறிக் கிளறி, ஓர் அங்குலம் சேரவே சில நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டு நிதானமாக வந்து சேர்ந்தது அது. அள்ளினால் கருத்துப் பொலபொலவென்று உதிரும். சருகு வாசம் அடிக்கும். மலைவாழ் மக்கள் விதைத்த சாமைக்கும் தினைக்கும் முதலில் மடிகொடுத்தது. பின்னாளில் காப்பி வந்தபோது அதன் நிழல்மரங்களையும், மிளகுக்கொடியையும், அடிவாரத்து ஊரின் பெயர் தாங்கிய விருப்பாட்சி மலைவாழையையும் ஒருசேர வளர்த்தது. பெய்த மழையை உள்வாங்கி, மழை ஓய்ந்த பிறகும் ஓடைகளுக்குக் கசியவிட்டது. நங்காஞ்சியாற்றங்கரைக் கிணறுகளில் நாம் இறைத்த தண்ணீரில் அதற்கும் பங்குண்டு.

1970-களில் முடிக்கொத்து நோய் மலைவாழையை வாரிக்கொண்டு போனது. நிழல்மரம் குறைந்த இடங்களில், சீக்கிரம் காசாகும் பீன்ஸ் போன்ற காய்கள் வந்தன. அவை நம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத்தான் இறங்கின, நாம்தான் வாங்கினோம். சரிவுக்குக் குறுக்கே முன்னோர் அடுக்கிய கல்வரப்புகள் சரிந்த இடங்களில் எடுத்துக் கட்ட ஆள் கிடைக்கவில்லை. மேலிருந்து கீழாக ஓட்டிய சால்களே மழைத்தண்ணீருக்கு வழியாயின.

பெருமழைக்கு மறுநாள் காட்டுக்குப் போனவர்கள் மேல்மண்ணின் கடைசி நாட்களைப் பார்த்திருப்பார்கள். சரளைக்கல் ஒவ்வொன்றும் விரற்கடை உயர மண்தூணின்மேல் தனித்து நிற்கும். கல் மறைத்த மண் மட்டும் தங்கி, சுற்றிலும் இருந்தது கழுவிப்போயிருக்கும். வாழைக்கட்டைகள் வேரோடு வெளியே தெரியும்.

கீழே ஆற்றங்கரையில் நின்ற நாமோ, செக்கச்செவேலென வந்த புதுவெள்ளத்தைப் பார்த்து மகிழ்ந்தோம். அது யாருடைய இறுதி ஊர்வலம் என்று கேட்கத் தோன்றவில்லை. வடகாட்டு மலையில் நிற்கும் 90 அடி உயரப் பரப்பலாறு அணை வந்ததில் ஒரு பங்கை வாங்கி வைத்துக்கொண்டது. வண்டல் ஏற ஏறத் தண்ணீருக்கு இடம் குறைந்தது. தாண்டி வந்தது குளங்களில் படிந்தது. அந்த வண்டலை அள்ளிக் கொட்டிய வயல்களில் தக்காளியும் கத்தரியும் இன்றும் செழிக்கின்றன. மறைந்த பிறகும் சோறு போடுகிற பெரியவர். ஆனால் அவரைப் பிறந்த மலைக்குத் திருப்பிக் கொண்டுபோக வண்டியில்லை.

நிழல்மரம் வெட்டாத காப்பித் தோட்டங்களிலும், கல்வரப்பு நிற்கும் சில காடுகளிலும் அதன் வாரிசுகள் இருக்கிறார்கள். மழைக்கு முன் சரிந்த கல்லை எடுத்துக் கட்டி அவர்களைக் காத்துவரும் குடியானவர்களுக்கும் நம் அஞ்சலியில் பாதி உரியது.