மழலையர் ஆசிரியரின் விளையாட்டு நினைவும் கற்பித்தலும்: கொங்கு வட்டார அங்கன்வாடியை முன்வைத்து

முன்னுரை

மழலையர் கல்வியின் வரலாறு பெரும்பாலும் திட்டங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆசிரியர் தம் இளமையில் ஆடிய ஆட்டங்களுக்கு அதில் இடமில்லை. கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி போன்ற விசைத்தறி ஊர்களின் அங்கன்வாடியை முன்வைத்து, ஆசிரியரின் விளையாட்டு நினைவு கற்பித்தலுக்கு மூலமாவதையும் எல்லையாவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நினைவும் கல்விமுறையும்

கிண்டர்கார்டன் முறையை வகுத்த பிரெடரிக் புரோபல் (1782–1852) கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர். 1837இல் பிளாங்கன்பர்க்கில் மழலையர்க்கான பணியைத் தொடங்கிய அவர், 1844இல் தாயும் சேயும் கூடி ஆடுதற்குரிய பாடல் நூலை வெளியிட்டார். தமக்குக் கிட்டாததையே பிறர்க்கு முறையாக வகுத்தார் எனக் கருத இடமுண்டு. எனவே, விளையாட்டு நினைவு என்பது ஆடியதை மட்டுமன்றி, ஆட இயலாமற் போனதையும் உள்ளடக்கும்.

இந்தியாவில் தாராபாய் மோதக் 1945இல் போர்டியில் தொடங்கிய பணி, வகுப்பறையைக் குழந்தையின் வீட்டு முற்றத்திற்கே கொண்டுசென்றது. ‘அங்கன்’ என்பதன் பொருளும் முற்றமே. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கப்பட்டபின் அப்பெயர் நாடெங்கும் பரவியது. பணியாளர் உள்ளூர்ப் பெண்ணாக இருத்தல் வேண்டும் என்னும் நெறி, ஊரின் விளையாட்டு மரபும் அவருடன் மையத்திற்குள் நுழைய வழிவகுத்தது.

மூலமாகும் நினைவு

பல்லாங்குழியில் பதினான்கு குழிகள் உண்டு. ஆட்டத்திடையே ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அதைப் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வர். இதை ஆடி வளர்ந்தவர்க்கு நான்கு என்பது வெறும் இலக்கமன்று. கண்டவுடன் கை அள்ளும் பழக்கம். அவர் புளியங்கொட்டை கொண்டு எண் கற்பிக்கையில், குழிதோறும் ஒவ்வொன்றாய் இடுவதே எண்ணுதலாகிறது. ஆடியறியாதவர்க்கு அதே பலகை பண்பாட்டுச் சின்னமாக மட்டும் நின்றுவிடக்கூடும்.

எல்லையாகும் நினைவு

நினைவு நடுநிலையானதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் சிற்றிற் பருவத்தில், தாம் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா எனச் சிறுமியர் இரக்கின்றனர். கட்டுவது பெண், சிதைப்பது ஆண் என்னும் பாகுபாடு விளையாட்டாகவே பதிந்துள்ளது. பூப்பெய்தியதும் ஆட்டம் நிறுத்தப்பட்டதும், யாருடன் ஆடலாம் என்பதைச் சாதித் தெரு முடிவுசெய்ததும் இந்நினைவின் பகுதிகளே. ஆராயப்படாத நினைவு, இவ்வேலிகளையும் அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கும். முற்றம் தறிக்கூடமாக மாறிய வீட்டில் வளர்ந்தவர்க்கோ, கையளிக்க நினைவே குறைவாக இருக்கலாம்.

முடிவுரை

2019இல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. தேசியக் கல்விக் கொள்கை 2020 மூன்று முதல் எட்டு வயது வரையான கல்வியை விளையாட்டுவழி அமைக்கக் கோருகிறது. எனினும், விளையாட்டு ஆவணத்திலிருந்து நேரே குழந்தையைச் சென்றடைவதில்லை. இடையில் ஆசிரியரின் உடலும் நினைவும் நிற்கின்றன. எதை ஆடினீர், யாருடன் ஆடினீர், யார் விலக்கப்பட்டனர், எப்போது நிறுத்தினீர் என்னும் நான்கு வினாக்கள் ஆசிரியர் பயிற்சியின் தொடக்கப் பாடமாதல் வேண்டும்.