எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம், டீச்சர்?

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, மெதுவாகப் படியுங்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார்: "டீச்சர், தூத்துக்குடியில் அம்மா அப்பா வீட்டில் ஒரு நாஸ் பெட்டி வைக்கப் போகிறேன். எந்த ஹார்ட் டிஸ்க் போடலாம்?" தெரியாதவர்களுக்காக: நாஸ் என்பது வீட்டு ரவுட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி. உள்ளே இரண்டோ நான்கோ ஹார்ட் டிஸ்க் இருக்கும். வீட்டில் எல்லோருடைய போனில் இருக்கும் போட்டோவும் வீடியோவும் அதில் போய்ச் சேரும். கம்பெனி பெயரை ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் எடுத்தவளுக்கு அப்படி வராது. அதனால் 1586-லிருந்து ஆரம்பிக்கிறேன்.

என்ரிக்கே என்ரிக்கஸ் என்ற போர்ச்சுக்கீசிய சேசு சபைப் பாதிரியார், நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் அண்டிரிக் அடிகளார், இந்த முத்துக்குளித்துறையில் ஏறக்குறைய ஐம்பது வருஷம் இருந்தார். தமிழ் படித்தார், தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. 16 பக்கம்தான். தமிழ் எழுத்தில் அச்சான புத்தகங்களில் இன்று கைக்குக் கிடைப்பவற்றில் அதுதான் மூத்தது. 1586-ல் 'அடியார் வரலாறு' என்ற பெரிய புத்தகம் வந்தது. அது 600 பக்கத்துக்கும் மேல். இந்த அச்சு வேலைக்கு இந்தக் கரைப் பரதவ மக்கள் தங்கள் கைப்பணத்தைக் கொடுத்தார்கள். 1600-ல் அவர் புன்னைக்காயலில் இறந்துபோனார்.

அந்தப் புத்தகங்கள் எங்கே? காசு கொடுத்த கரையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உப்புக்காற்று, கறையான், மழை, டச்சுக்காரர்கள் 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்தபோது நடந்த அலைச்சல் என்று காரணம் எத்தனையோ இருக்கும். 'அடியார் வரலாறு' ரோமாபுரியில் வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. 'தம்பிரான் வணக்கம்' அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தனிநாயகம் அடிகள் 1950-களில் ஐரோப்பிய நூலகங்களைத் துருவி இப்படிப்பட்ட தமிழ் நூல்களைப் பற்றி எழுதினார். அதே அடிகள் 1948-ல் நம் தூத்துக்குடியில் தொடங்கிய தமிழ் இலக்கியக் கழகம்தான், இராசமாணிக்கம் அடிகள் பதிப்பித்த 'அடியார் வரலாறு' நூலை 1967-ல் வெளியிட்டது. 381 வருஷம் கழித்துப் புத்தகம் கரைக்குத் திரும்பி வந்தது. யாரோ ஒருவர் அன்றைக்கு ஒரு படியைக் கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்காவிட்டால் திரும்பி வர எதுவும் இருந்திருக்காது.

ஓலைச்சுவடிக் காலத்திலும் இதே கதைதான். ஓலை நம் பனையிலிருந்து வந்தது, உடன்குடிக் கருப்பட்டி தரும் அதே பனை. நல்ல ஓலையும் இருநூறு, முந்நூறு வருஷத்தில் உதிர்ந்துபோகும். அதற்குள் இன்னொருவர் உட்கார்ந்து எழுத்தாணி பிடித்துப் புதிதாகப் படி எடுக்க வேண்டும். எடுக்காத நூல் அந்தத் தலைமுறையோடு போனது. உ.வே. சாமிநாதையர் நம் பக்கம் ஏடு தேடி வந்தவர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் நொந்துபோன கதை உங்களில் பலருக்குத் தெரியும், வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆழ்வார்திருநகரியில் கவிராயர்கள் வீட்டில் பத்துப்பாட்டு ஏடு கிடைத்தது சந்தோஷமான கதை. 1889-ல் பத்துப்பாட்டு அச்சில் வந்தது.

ஐயர் செய்த வேலையை இங்கே கவனியுங்கள். ஒரு ஏட்டை மட்டும் நம்பி அவர் பதிப்பிக்கவில்லை. நாலைந்து ஊர் ஏடுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்கினார். ஓர் ஏட்டில் செல்லரித்த இடத்தை இன்னொன்று காட்டிக் கொடுக்கும். ஹார்ட் டிஸ்க்கிலும் சத்தமில்லாமல் ஓர் எழுத்து மாறிப்போகும். வருஷக்கணக்கில் திறக்காத போட்டோவைத் திறந்தால் பாதிப் படம் சாம்பல் நிறத்தில் நிற்கும். நாஸ் பெட்டிகளில் இதைக் கண்டுபிடிக்க ஒப்புநோக்கும் வேலை ஒன்று உண்டு. ஸ்க்ரப் என்பார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண் எழுதி வைத்து, எந்தப் படி கெட்டது என்று பெட்டியே பார்த்து, நல்ல படியிலிருந்து திருத்திக்கொள்ளும். எல்லாப் பெட்டியிலும் இது கிடையாது. வாங்கும்போது கேளுங்கள், வாங்கியதும் மாதம் ஒரு தடவை ஓடும்படி வையுங்கள்.

இனி டிஸ்க்கின் வரலாறு. முதல் ஹார்ட் டிஸ்க் 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி கொண்டுவந்தது. ராமாக் என்று பெயர். 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள், ஏறக்குறைய ஒரு டன் எடை. அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்து. இன்று உங்கள் போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதை நிரப்பிவிடும். 1973-ல் அதே கம்பெனி தட்டையும் படிக்கும் முனையையும் சேர்த்து மூடிய வின்செஸ்டர் டிஸ்க்கைக் கொண்டுவந்தது. இன்றுவரை அந்த அமைப்புதான். தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகிறது. படிக்கும் முனை அதன்மேல் தலைமுடிப் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதக்கிறது. இது ஒரு நாளும் கெடக் கூடாது என்று நாம் எதிர்பார்ப்பதுதான் ஆச்சரியம்.

கெடும் என்பதை ஒப்புக்கொண்டு யோசித்தவர்கள் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர். 1988-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டினால், ஒன்று போனாலும் மற்றவை தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. அதுதான் ரெய்டு. வீட்டுப் பெட்டியில் இரண்டு டிஸ்க் போட்டால் ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படுவது அந்த யோசனையின் எளிய வடிவம்.

எந்தக் கம்பெனி டிஸ்க் உழைக்கும் என்று அடுத்து கேட்பீர்கள். இதற்கு நம் முத்துச் சலாபத்துப் பழக்கமே வழி காட்டும். வெள்ளைக்காரர் காலத்தில் சலாபம் நடத்தலாமா என்று முடிவெடுக்கும் முன், பாரிலிருந்து ஆயிரக்கணக்கில் சிப்பி எடுத்து, திறந்து, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு மதிப்புள்ள முத்து என்று கணக்குப் போடுவார்கள். நாலு சிப்பியைத் திறந்து பார்த்துவிட்டுத் தொலையிரம் பாரைப் பற்றிச் சொல்ல முடியாது. இணையக் கடைகளில் "வாங்கி இரண்டே மாதத்தில் போச்சு" என்று எழுதியிருப்பது ஒரு சிப்பி. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க சேமிப்பு நிறுவனம் தன்னிடம் ஓடும் லட்சக்கணக்கான டிஸ்க்குகளில் எது எப்போது கெட்டது என்ற பட்டியலை 2013-லிருந்து வைத்து வெளியிட்டு வருகிறது. அது ஆயிரம் சிப்பிக் கணக்கு. எல்லா மாடலையும் சேர்த்துப் பார்த்தால் அண்மை ஆண்டுகளில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை டிஸ்க் போல் கெடுகிறது. ஒரே கம்பெனியில் ஒரு மாடல் நன்றாக உழைக்கும், அடுத்த மாடல் சொதப்பும்.

ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று: இரண்டு டிஸ்க், ஐந்து வருஷம், வருஷத்துக்கு ஒன்றரை சதவீதம். பெருக்கினால் 15. அதாவது ஏழு வீட்டில் ஒரு வீட்டில் ஐந்து வருஷத்துக்குள் ஒரு டிஸ்க் போகும். நம் வீட்டு வெக்கையையும் கரண்ட் போய்ப் போய் வருவதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

கம்பெனியைவிட வகை முக்கியம். நாட்டு ஓடு வேய்ந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். நடுவில் ஒன்றை மாற்ற மேலே உள்ளதைத் தூக்க வேண்டும். சில டிஸ்க்குகளில் எழுத்து வரிசைகளை அப்படித்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதுகிறார்கள். குறைந்த இடத்தில் நிறைய அடங்கும், ஆனால் ஒரு வரியைத் திருத்தப் பக்கத்து வரிகளையும் திருப்பி எழுத வேண்டும். எஸ்.எம்.ஆர். என்று பெயர். வரிசைகள் தனித்தனியாக இருப்பது சி.எம்.ஆர். ரெய்டில் ஒரு டிஸ்க் போய்ப் புதியதை மாட்டும்போது மொத்தத்தையும் அதில் எழுத வேண்டும். எஸ்.எம்.ஆர். டிஸ்க் அப்போது திணறும், நாள்கணக்கில் இழுக்கும், சில சமயம் பெட்டி அதைக் கெட்டது என்று தள்ளியே விடும். 2020 ஏப்ரலில் பெரிய சண்டை நடந்தது. சீகேட், தோஷிபா, வெஸ்டர்ன் டிஜிட்டல் மூன்றுமே சில மாடல்களில் இந்த முறையை வெளியே சொல்லாமல் விற்றது தெரியவந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையிலும் அது இருந்தது. சண்டைக்குப் பிறகு சி.எம்.ஆர். உள்ளவற்றுக்கு ரெட் பிளஸ் என்று தனிப்பெயர் வைத்தார்கள். எனவே ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப், தோஷிபா என் 300, இந்த மூன்றில் எது சரியான விலைக்குக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்காமல் மாடல் எண்ணைக் கம்பெனியின் பட்டியலில் பார்த்து சி.எம்.ஆர். என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

7,200 சுற்று வேண்டுமா என்றால் வீட்டுக்குத் தேவையில்லை. வேகம் குறைந்தால் சூடும் சத்தமும் குறையும். அம்மா அப்பா படுக்கும் அறை என்றால் அது பெரிய விஷயம். இரண்டு டிஸ்க்கையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்காமல் வேறு வேறு இடத்தில் வாங்கினால் ஒரே தயாரிப்புத் தொகுதியின் குறை இரண்டிலும் இருக்காது. யு.பி.எஸ். இல்லாமல் ஓட்டாதீர்கள். சாதாரண டிஸ்க்கில் காற்று போய்வரச் சின்னத் துளை உண்டு, வடிகட்டியோடு. பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் பலவற்றில் ஹீலியம் நிரப்பி முழுதாக அடைத்திருப்பார்கள். ஆனால் வெளியே இருக்கும் சர்க்யூட் போர்டு நம் உப்புக்காற்றில் களிம்பு பிடிப்பதை எந்த வாயுவும் தடுக்காது. கடல் பார்த்த ஜன்னலோரம் வேண்டாம்.

தரைத்தளமும் வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஊருக்குள் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. எத்தனை வீட்டில் கல்யாண ஆல்பம், பத்திரம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஊறிக் கூழாகிப் போயின! என்னிடம் இருந்த பழைய வகுப்புக் குரூப் போட்டோக்களில் பாதி, ஒட்டிக்கொண்ட அட்டையைப் பிரிக்கும்போதே முகங்களோடு உரிந்து வந்தன. ரெய்டு இங்கே உதவாது. இரண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில் இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் முழுகும். தெரியாமல் ஒரு போட்டோவை அழித்தாலும் இரண்டிலும் ஒரே நொடியில் அழிந்துபோகும். வெள்ளம் என்றதும் இன்னொன்று: 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் முழுகியபோது உலகம் முழுக்க விலை ஏறியது, சில மாடல்கள் இரட்டிப்பாயின. விலை இறங்கட்டும் என்று காத்திருப்பவர்கள் இதையும் யோசியுங்கள்.

நமக்கு நேர் எதிர்க்கரையில் நடந்தது தெரியும்தானே. 1981 ஜூன் முதல் தேதியோடு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் சுவடிகளும் போயின. வேறு எங்கும் படி இல்லாதவை திரும்பவே இல்லை. 2005-ல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து எவரும் படிக்க வைத்திருக்கிறது. ஒரு கட்டடத்தை எரித்து இனி அதை அழிக்க முடியாது.

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 3-2-1 என்று ஒரு கணக்குச் சொன்னார். மூன்று படி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். மாணவருக்கு நான் எழுதிய பதிலும் அதை ஒட்டித்தான்: நாஸில் 4 டி.பி. சி.எம்.ஆர். டிஸ்க் இரண்டு. வெளியே ஒரு யு.எஸ்.பி. டிஸ்க், மாதம் ஒரு தடவை அதில் படி எடுத்து, கழற்றி, திருநெல்வேலியில் இருக்கும் அக்கா வீட்டு பீரோவில் வைக்க வேண்டும். முக்கியமான போட்டோ மட்டும் கிளவுடில் ஒரு படி. பெட்டிக்கும் பெரிய டிஸ்க்குக்கும் காசு போதாதென்றால், 8 டி.பி.யை 4 ஆக்குங்கள், பீரோ டிஸ்க்கை விடாதீர்கள். வருஷம் ஒரு முறை, பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது, அந்த டிஸ்க்கிலிருந்து பத்துப் படத்தைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை. உங்களிடம் நம் பள்ளிக் குரூப் போட்டோ எந்த வருஷத்தது இருந்தாலும், கிழிந்திருந்தாலும், வெளிச்சத்தில் வைத்து நேராகப் படம் எடுத்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். பின்பக்கம் பெயர் எழுதியிருந்தால் அதையும் ஒரு படம். வந்ததை எல்லாம் வருஷவாரியாக அடுக்கி, கேட்பவர்களுக்கெல்லாம் முழுப் படி தருகிறேன்.