கிருஷ்ணகிரி இழந்த புகைவண்டி நிலையம்



ஜவ்வாது மலையின் மேற்குச் சரிவில் இறங்கி வருவோர் அடையும் முதற் பேரூர் திருப்பத்தூர். அவ்வூர்ப் புகைவண்டி நிலையத்திலிருந்து சென்னைக்கும் சேலத்துக்கும் இன்றும் செல்லலாம். ஆனால் மேற்கே சுமார் 25 மைல் தொலைவிலுள்ள கிருஷ்ணகிரிக்கு வண்டி இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. என் பாட்டியார் சிறுமியாக அதில் பயணம் செய்தவர். கண்ணில் விழுந்த கரித்தூளையும், பக்கத்தில் அடுக்கிய புளி மூட்டைகளின் மணத்தையும் முதுமையிலும் அவர் மறக்கவில்லை.

மலையடிவாரத்துப் பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, இக்கதையை வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நட்டத்தில் ஓடிய வண்டியை நிறுத்தியதில் தவறு என்ன?" என்று கேட்டான். நல்ல கேள்வி. நான் விடை தொடங்குமுன் மணி அடித்துவிட்டது. அன்று சொல்லாமல் நின்றதை இன்று சொல்ல முயல்கிறேன்.

சென்னையிலிருந்து புறப்பட்ட அகல இருப்புப்பாதை, ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் வழியாக 1861இல் சேலத்தை எட்டியது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ஒரு கிளை பிரிந்தது. விரித்த இரு கைகளைப் போன்ற இவ்விரு பாதைகளுக்கும் நடுவே, எதனாலும் தொடப்படாமல் கிடந்தது கிருஷ்ணகிரி வட்டாரம்.

அதன் விளைவு 1876இல் தெரிந்தது. அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கும் 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கும் இடையே மக்கள்தொகை மூன்று இலட்சத்துக்கும் மேல் குறைந்தது. சென்னைத் துறைமுகத்தில் தானியம் வந்து இறங்கியது. புகைவண்டி அதை நிலையங்கள் வரை கொண்டு சேர்த்தது. அங்கிருந்து சிற்றூர்களுக்கு வண்டி இழுக்க வேண்டிய மாடுகளோ தீவனமின்றி மடிந்துகொண்டிருந்தன.

பஞ்சத்தை ஆராய அமைந்த ஆணையம் 1880இல் தன் அறிக்கையை அளித்தது. வருவாயைக் கருதாது, பஞ்ச காலத்தில் உணவு கொண்டு செல்வதற்கென்றே சில இருப்புப்பாதைகள் வேண்டும் என்ற கருத்து அதனால் வலுப்பெற்றது. இவற்றைப் பஞ்சப் பாதுகாப்புப் பாதைகள் என்றனர். அவ்வகையில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் வண்டி ஓடத் தொடங்கியது. மறு ஆண்டே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு மற்றொரு பாதை திறக்கப்பட்டு, 1913இல் ஓசூர் வரை நீண்டது.

செலவைக் குறைக்கும் பொருட்டு இவை குறுகிய பாதைகளாக அமைந்தன. பெரிய பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி ஐந்தரை அடி. இவற்றில் இரண்டரை அடிதான். இதன் பொருள் விளங்க, பள்ளித் தாழ்வாரத்தில் சுண்ணக்கட்டியால் இரு பாதைகளையும் வரைந்தேன். ஒன்றில் நின்ற மாணவர்கள் புத்தகப் பைகளை மற்றதில் நின்றவர்களுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடத்தில் அனைவரும் களைத்தார்கள். கிருஷ்ணகிரியில் ஏற்றிய ஒவ்வொரு மூட்டையும் சென்னைக்குச் செல்லத் திருப்பத்தூரில் இறக்கி மீண்டும் ஏற்றப்பட வேண்டும் என்பதை அதற்குப்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பின்னர் மோட்டார் பஸ்ஸும் லாரியும் வந்தன. லாரி வியாபாரியின் வாசலிலேயே மூட்டையை ஏற்றியது; இடையில் இறக்குகூலி இல்லை. நாடு முழுவதும் கிளைப்பாதைகளின் வருவாய் சரிந்தது. சாலைக்கும் இருப்புப்பாதைக்கும் இடையே எழுந்த போட்டியை ஆராய 1930களின் தொடக்கத்தில் அரசே ஒரு விசாரணை நடத்த வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போர் முடியுமுன் கிருஷ்ணகிரி வண்டி நின்றது. மொரப்பூர்–ஓசூர்ப் பாதையும் 1941இல் மூடப்பட்டது.

இனி அம்மாணவனின் கேள்விக்கு வருவோம். இலாபத்துக்காக அமைத்த பாதை நட்டமடைந்தால் அதை மூடுவது நியாயம். ஆனால் இது இலாபத்துக்காக அமைத்ததன்று. கிணற்றில் பாதுகாப்புச் சுவர் கட்டிவிட்டு, 'ஆண்டுக்கு எத்தனை பேர் இதன்மேல் சாய்ந்தார்கள்?' என்று எண்ணிப் பார்த்து அதை இடிப்போமா? எனவே முதலில் கேட்க வேண்டியது, 'எவ்வளவு வரவு?' என்பதன்று, 'இது எதற்காக அமைந்தது? அப்பணியை இப்போது வேறு யார் செய்கிறார்கள்?' என்பதே.

அப்படிக் கேட்டாலும் விடை ஒருபக்கமாக அமையவில்லை. தானியம் கொண்டு செல்லும் பணியைச் சாலையும் லாரியும் பெருமளவு ஏற்றுக்கொண்டன என்பதை மறுக்க முடியாது. மேலும், பாதை மட்டுமே பஞ்சத்தைத் தடுத்துவிடாது. 1943இல் வங்காளத்தில் இருப்புப்பாதைகள் இருந்தன. ஆயினும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். வாங்கக் கையில் காசும், வழங்க அரசுக்கு மனமும் இல்லாவிடில், நிலையத்தில் அடுக்கிய மூட்டை ஏழையின் அடுப்புக்கு வந்து சேராது.

ஆனால் இழப்பும் மெய்யே. விடுதலைக்குப்பின் சேலம்–பெங்களூர்ப் பாதை தருமபுரி, ஓசூர் வழியாக மீண்டும் அமைந்து, பிற்காலத்தில் அகலப்பாதையாகவும் மாறியது. அவ்விரு ஊர்களும் இழந்ததைப் பெற்றன. அப்பாதை கிருஷ்ணகிரியைத் தொடாமல் சென்றது. 2004இல் மாவட்டத் தலைநகரான பின்னரும் அந்நகருக்குப் புகைவண்டி வரவில்லை. மூடுவதற்கு ஓர் ஆணை போதும். மீண்டும் திறப்பதற்கு நிலமும் பொருளும் தலைமுறைகளின் முயற்சியும் வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஒரு பழைய நூலகமோ, ஆரம்பப் பள்ளியோ, மருந்தகமோ 'பயன் குறைந்தது' என்ற பேச்சுக்கு ஆளாகலாம். அப்போது கணக்கைப் பாருங்கள். அதற்குமுன் அது கட்டப்பட்ட நாளின் வரலாற்றையும் பாருங்கள். இரண்டையும் பார்த்தபின் மூடலாம் என்றே உங்களுக்குத் தோன்றினாலும், அம்முடிவு அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.