கஞ்சித் தொட்டியும் கண்டிச் சீமையும்

வில்லபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி 1876–78 பஞ்ச காலத்தில் சென்னை மாகாணத்தில் எடுத்த புகைப்படங்களை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். விலா எலும்புகள் எண்ணிக்கொள்ளும்படி ஐந்தாறு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் ஒரு பெண், அவள் மடியில் தலை மட்டும் பெரிதான ஒரு குழந்தை. பின்னால் நிற்கத் தெம்புள்ளவர்கள் நிற்பார்கள். அக்காலத்துக் கேமராவுக்கு முன்னால் சில நொடிகளாவது அசையாமல் இருந்தாக வேண்டும். அப்படியானால் யாரோ அவர்களை உட்கார வைத்திருக்கிறார்கள், தலையைத் திருப்பச் சொல்லியிருக்கிறார்கள், ஆடாதே என்றிருக்கிறார்கள். படங்களின் கீழே பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ஒரு படத்தின் தலைப்பு, இவர்கள் இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்ற பொருளில் அமைந்திருக்கிறது. பசித்தவருக்கும் தகுதிச் சான்று வேண்டியிருந்த காலம் அது. இதே ஹூப்பர்மீது 1886இல் மாண்டலேயில் ஒரு விசாரணை நடந்தது. கைதிகள் சுட்டுக் கொல்லப்படும் நொடியைப் படம்பிடிப்பதற்காகத் தண்டனையைத் தாமதப்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு.

ஆவணம் என்ற சொல்லை நாம் பயபக்தியோடு சொல்கிறோம். அதை யார் எடுத்தார்கள், யாரை எப்படி உட்கார வைத்தார்கள் என்பதும் அந்த ஆவணத்துக்குள்தான் இருக்கிறது.

அந்தப் பஞ்சத்துக்கு நம் மக்கள் வைத்த பெயர் தாது வருஷப் பஞ்சம். இறந்தவர்கள் 55 லட்சத்துக்குக் குறையாது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லி தர்பாரில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவித்து லிட்டன் பிரபு விருந்து நடத்திக்கொண்டிருந்தபோது, தெற்கே ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்தன. சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. தானியம் இருந்தது, வாங்கக் காசில்லை. சந்தை விலையில் அரசு தலையிடக் கூடாது என்பது லிட்டனின் கொள்கை. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்று நிர்ணயித்தார். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிர் தரிக்கப் போதாது என்று எதிர்த்து எழுதினார். நகரத்துக்குள் பக்கிங்காம் கால்வாயின் இணைப்பு வெட்டப்பட்டது இந்த நிவாரண வேலையாகத்தான். இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கடக்கும் நாம், அந்த மண்ணைக் கூடையில் சுமந்த பெண்களையும் நினைத்துக்கொள்ளலாம். கஞ்சித் தொட்டி என்ற பெயர் இன்னும் பழையது. 1782 பஞ்சத்தில் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வந்தது. ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று சொன்ன தலைமுறை இப்போதுதான் மறைந்துகொண்டிருக்கிறது.

இதெல்லாம் மறுபடி மனதில் ஓடியதற்கு ஓர் அயர்லாந்து ஆவணப்படம் காரணம். அந்நாட்டுத் தேசிய ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ. 2020இல் ‘தி ஹங்கர்’ என்ற பெயரில், நடிகர் லியாம் நீசன் குரலில், 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தைப் பற்றி இரண்டு பாகங்களாக வெளியிட்டது. முகப்பேரில் என் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆய்வு மாணவிகள் நால்வரோடு உட்கார்ந்து பார்த்தேன். பத்து லட்சம் பேர் செத்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் கப்பலேறினார்கள். லண்டன் கருவூலத்தில் இருந்துகொண்டு அந்த நிவாரணத்தைக் கஞ்சத்தனமாக நடத்தியவர் சார்லஸ் டிரெவெலியன். “மேடம், இந்தப் பேரை எங்கேயோ படிச்சிருக்கேன்” என்றாள் ஒருத்தி. படித்திருப்பாள். 1859இல் அவர்தான் சென்னை மாகாண ஆளுநராக வந்து இறங்கினார். சென்ட்ரல் பக்கம் இருந்த மக்கள் பூங்கா அவர் திட்டம். பஞ்சங்கள் வெவ்வேறானாலும், அவற்றை நிர்வகித்த மூளை ஒரே அலுவலகத்தில் பயிற்சி பெற்றது.

அயர்லாந்துக்காரர்கள் தங்கள் பஞ்சத்தைக் கவனித்துக்கொள்ளும் விதம் எனக்குப் பொறாமை தருகிறது. டப்ளின் துறைமுகக் கரையில் மெலிந்த வெண்கல உருவங்கள் கப்பலை நோக்கி நடக்கின்றன. அதே சிற்பி செய்த இன்னொரு தொகுதி டொராண்டோவில் கரையேறுகிறது. ஆண்டுதோறும் நாடு தழுவிய நினைவு நாள் உண்டு. 2015இல் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி பஞ்சத்தை வைத்து நகைச்சுவைத் தொடர் எழுதச் சொன்னது என்ற செய்திக்கே பல ஆயிரம் பேர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். சிரிப்பதா கூடாதா என்பது தனி வாதம். எங்கள் பஞ்சத்தைத் தொடாதே என்று சொல்ல அங்கே ஒரு ‘எங்கள்’ இருக்கிறது.

அந்தப் புலப்பெயர்வில் என்னை அதிகம் நிறுத்தியது அனாதைப் பெண்களின் கதை. 1848க்கும் 1850க்கும் இடையில் அயர்லாந்தின் ஏழையர் விடுதிகளிலிருந்து 4,000க்கும் மேற்பட்ட இளம்பெண்களைத் திரட்டி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே வீட்டு வேலைக்கு ஆள் வேண்டும், குடியேறிய ஆண்களுக்கு மனைவி வேண்டும். விடுதிக்கோ சோறு போடும் செலவு மிச்சம். நம் பக்கம் ஒப்பந்தக் கூலிக் கப்பல்களில் 100 ஆணுக்கு 40 பெண் என்று விகிதமே வைத்திருந்தார்கள். எண்ணிக்கை குறைந்தால் கப்பல் காத்திருக்கும். ஆள்பிடிப்பவர்கள் சத்திரங்களிலும் கோயில் வாசல்களிலும் தனித்து நிற்கும் பெண்களைத் தேடுவார்கள். விதவை, வீட்டை விட்டு வந்தவள், பஞ்சத்தில் ஆளை இழந்தவள் என்று எல்லோரும் அந்த 40க்குள் அடக்கம். பிஜியின் கரும்புத் தோட்டத்தில் அப்படிப் போன பெண்களுக்காகப் பாரதி ஒரு பாட்டு எழுதியது உங்களுக்குத் தெரியும்.

இலங்கைப் பயணத்துக்கு அந்த விகிதமும் இல்லை, ஒப்பந்தத் தாளும் இல்லை. கங்காணி ஊருக்கு வருவார், முன்பணம் கொடுப்பார், கடன் அங்கேயே தொடங்கிவிடும். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கடற்கரை வரை நடை. பிறகு தோணியில் மன்னார். அங்கிருந்து தண்ணீரில்லாத காட்டுவழியே மாத்தளை வரை மறுபடி நடை. காலராவில் விழுந்தவர்கள் வழியிலேயே கிடந்தார்கள். போனவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். ஊரில் நிலமும் இல்லை, கிணற்றில் உரிமையும் இல்லை, பஞ்சத்தில் முதலில் செத்தவர்களும் அவர்களே. காப்பிக் காலத்தில் அதிகமும் ஆண்கள் போய்ப் பருவம் முடிந்து திரும்பினார்கள். இலைநோய் வந்து காப்பி அழிந்து, 1880களில் தேயிலை பரவியபோது கணக்கு மாறியது. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து வரும். அதைப் பறிக்க மலிவான, நிலையாகத் தங்கும் கைகள் வேண்டும். அப்போதுதான் பெண்கள் திரளாகத் தேவைப்பட்டார்கள். விடியலில் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, முதுகில் கூடை கட்டி, இரவு லயத்தின் ஒற்றை அறையில் அடுப்பூதிய அவர்கள் உழைப்பில் ஒரு நாட்டின் பொருளாதாரம் நின்றது. ஆணுக்குச் சமமான நாட்கூலி அவர்களுக்கு 1984இல்தான் கிடைத்தது.

நம் நினைவில் இவள் எங்கே இருக்கிறாள்? பஞ்சம் என்றதும் தமிழ் மனம் எடுத்துவைக்கும் பெண் நல்லதங்காள். ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு நடந்து, அண்ணி மூளி அலங்காரி விரட்ட, பிள்ளைகளைக் கிணற்றில் வீசித் தானும் விழுந்தவள். கூத்தில் அழுதோம், சினிமாவில் அழுதோம். அந்தக் கதையில் அரசன் தப்பித்துக்கொள்கிறான், வியாபாரி தப்பித்துக்கொள்கிறான். பழி முழுவதும் இன்னொரு பெண்மேல். தாது வருஷத்தைப் பாடிய பஞ்சக் கும்மிகள் அச்சில் இருக்கின்றன. கும்மி பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டும் வடிவம். ஆனால் அவற்றை எழுதி வைத்தவர்கள் ஆண் புலவர்கள். அவர்கள் தானிய விலையை நுணுக்கமாகச் சொல்கிறார்கள். பெண்கள் தாலியை விற்றது, கற்பை விற்றது என்று வரும்போது பாட்டில் பரிதாபத்தைவிடக் கண்டிப்பு ஓங்கிவிடுகிறது. வகுப்பில் இதைப் பாடம் நடத்தும்போது எனக்கு எரிச்சல் வராத வருஷம் கிடையாது.

அண்மைக் காலத்தில் தோட்டத்துக்குப் போன மக்களைப் பெருந்திரளான பார்வையாளர்கள்முன் கொண்டுவந்தது பாலாவின் ‘பரதேசி’, 2013. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியலின் ‘ரெட் டீ’ நாவலைத் தழுவியது, தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’. நாவலில் கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் சேர்ந்தே மலையேறுகிறார்கள். படத்தில் அங்கம்மா ஊரில் காத்திருக்கிறாள், ராசா தனியாகப் போகிறான். தோட்டத்தில் கணவன் விட்டுப்போன மரகதம் கொழுந்து பறிக்கிறாள், உண்மைதான். ஆனாலும் கதையின் துயரம் ஆணுடைய துயரமாகிவிட்டது. இறுதியில் அங்கம்மா குழந்தையோடு வந்து சேரும்போதுகூட நாம் கேட்பது ராசாவின் ஓலத்தைத்தான். படம் வெளியானபோது நடந்த சண்டைகள் நினைவிருக்கும். முன்னோட்டத்தில் இயக்குநர் நடிகர்களைப் பிரம்பால் அடிப்பதுபோல் காட்டியது சரியா, மருத்துவரை மதம் மாற்ற வந்த கோமாளியாக்கியது நியாயமா என்று பேசினார்கள். இரண்டும் பேச வேண்டியவைதான். வள்ளி ஏன் பாதி வழியில் இறக்கிவிடப்பட்டாள் என்பது பேச்சாகவில்லை.

தோட்டத்துப் பெண்ணின் பக்கம் நின்று பாடியவர் ஒருவர் இருந்தார். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், 1930களில் மலையகக் கூட்டங்களில் மேடையேறிப் பாடினார், தன் பாடல்களைச் சிறு நூலாக அச்சிட்டுக் கொடுத்தார். நம் இலக்கிய வரலாற்று நூல்களில் தேடினால் நடேசய்யருக்கே ஒரு பத்திதான் தேறும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படம் முடிந்ததும் அம்பத்தூரிலிருந்து வரும் மாணவி தன் அப்பாயியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நுவரெலியாப் பக்கம் பிறந்தவர். 1948இல் குடியுரிமை போனது, 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அப்பாயி இந்தியப் பங்கில் விழுந்தார். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், பிறகு கோத்தகிரியில் மறுபடி தேயிலை. மகன் பிழைப்புக்காகச் சமவெளிக்கு இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது அவர் கேட்டாராம், “அங்கயும் லயத்துலதான் இருக்கணுமா?”

அவரிடம் ஒரு புகைப்படம் உண்டு. தாயகம் திரும்புவோருக்கான தாளில் ஒட்டுவதற்காக எடுத்தது. அதிலும் அசையாமல்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கீழே அவர் பெயர் இருக்கிறது, தோட்டத்தின் பெயர் இருக்கிறது. அந்த மாணவியின் ஆய்வுத் தலைப்பை அடுத்த வாரமே மாற்றி எழுதினோம். இப்போது அவள் அப்பாயி வயதுப் பெண்களைத் தேடிக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் பேருந்தில் போய் வருகிறாள். குரல்பதிவுகளை எழுதியெடுக்கும் வேலை மெதுவாக நடக்கிறது.