மின்சார வண்டியும் சேமிப்புக் கலத்தின் ஆயுளும்

மின்சார மோட்டார் வண்டி இக்காலத்துப் புதுமை என எண்ணுவார் பலர். அஃது உண்மையன்று. 1900ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிற் செய்யப்பட்ட 4,192 மோட்டார் வண்டிகளுள் 1,575 மின்சாரத்தால் ஓடுவன. பெற்றோல் வண்டிகளோ 936 மாத்திரமே. அங்ஙனம் முன்னின்ற வண்டி பின்னர் வழக்கொழிந்தமைக்குக் காரணம் யாது? அதன் சேமிப்புக் கலத்தின் வரலாற்றை நோக்குவார்க்கு விடை ஒருவாறு புலப்படும்.

1859இல் பிரான்சு தேசத்து அறிஞர் பிளாந்தே, ஈயத்தகடுகளையும் கந்தகவமிலத்தையுங் கொண்டு மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க கலத்தை ஆக்கினார். பாரம் மிக்க அக்கலம், வண்டியின் குலுக்கத்தாலும் ஓயா உழைப்பாலும் தகட்டுப் பொருள் உதிர்ந்து கெடுவதாயிற்று. இக்குறையை நீக்க முயன்றவர் தோமஸ் அல்வா எடிசன். நிக்கலும் இரும்புங் கொண்ட அவரது கலம் 1903இல் விற்பனைக்கு வந்தது. ஆயினும் ஒழுக்கும் ஆற்றற் குறைவுங் காணப்படவே, 1904இல் அதனை நிறுத்தி மீண்டும் ஆய்விற் புகுந்தார். 1909இல் வெளிவந்த திருத்திய கலம் பல்லாண்டு உழைக்க வல்லது. எனினும் காலங் கடந்துவிட்டது. 1908இல் ஃபோர்டு நிறுவனத்தின் மொடல் ரீ வண்டி வந்தது. 1912இல் கைப்பிடியாற் சுழற்றாமலே பெற்றோல் இயந்திரத்தை இயக்கும் மின்தொடக்கியும் வந்தது. நீடித்துழைக்குங் கலம் கிடைத்தபோது அதனை வேண்டுவார் தொகை குறைந்திருந்தது.

எடிசன் தம் கலத்து நீர்மத்திற் சிறிதளவு சேர்த்த இலிதியமே, 1991இல் விற்பனைக்கு வந்த இலிதியம் அயன் கலத்தில் முதலிடம் பெற்றது. இக்கலமும் மூப்புறுவதே. மின்வாயின் மேற் படிப்படியாக வளரும் படலம் இலிதியத்தைச் சிறைப்படுத்த, கொள்ளளவு குன்றும். வெப்பம் இதனை விரைவுபடுத்தும். 2012இல் அமெரிக்காவின் அரிசோனாப் பாலை நிலத்தில், காற்றாலேயே குளிரவேண்டியிருந்த நிசான் லீஃப் வண்டிக் கலங்கள் விரைந்து நலிந்தமை இதற்குச் சான்று. அதன்பின் கலத்தை நீர்மத்தாற் குளிர்விக்கும் முறை பெருகிற்று. இன்று உற்பத்தியாளர் பலர், எட்டாண்டு அல்லது 1,60,000 கிலோமீற்றர் வரையிற் கொள்ளளவு 70 வீதத்திற்குக் குறையாதென உறுதி கூறுகின்றனர்.

ஆகவே, கலத்தின் ஆயுள் அதன் பொருளைப் பொறுத்தது மாத்திரமன்று. பேணும் முறையையும் பொறுத்தது. முழுமையாக மின்னேற்றி வெயிலில் நெடுநேரம் நிறுத்துதல் அதற்குத் தீது. வெப்ப நாட்டினராகிய நாம் வண்டியின் விலையை வினவுமுன், கலம் குளிருமாறு யாதென வினவுதல் நன்று.