கொட்டையும் மணலும்: சிறுவர் எண் பழகிய வரலாறு

தமிழ்ப் பிள்ளைகள் எண்ணை வாயால் ஒப்பிப்பதற்கு முன்பே கண்ணாலும் கையாலும் அறிந்திருந்தார்கள். புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி, ஈர்க்கு, முற்றத்து மணல் ஆகியவைதான் அதற்குக் கருவிகள். திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில் உள்ள சம்பூர் போன்ற ஊர்களில் இவை எதையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இவற்றுள் மணலைப் பற்றித்தான் பழைய எழுத்துச் சான்றுகள் மிகுதி. 1623இல் இந்தியாவின் மேற்குக் கரை வழியாகப் பயணம் செய்த இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வல்லே, சிறுவர்கள் தரையில் மென்மணலைத் தூவி, விரலால் எண்களை எழுதிக்கொண்டே கணக்கைப் பாடுவதைக் கண்டு வியந்து எழுதினார். 1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டவர் ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ். ஏறத்தாழ இருபது ஆண்டுச் சிறைவாழ்வுக்குப் பின் 1681இல் அவர் வெளியிட்ட நூலிலும், கண்டி நாட்டார் மணலைப் பரப்பிக் கையால் சமப்படுத்தி விரலால் எழுதிப் பழகிய செய்தி வருகிறது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய அண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அந்த முறையைத் தம் பள்ளிக்குள் கொண்டுவந்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூல் வழியாக அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளுக்குப் போயிற்று. நம் முற்றத்து மணல் மரத்தட்டில் ஏறிக் கடல் கடந்தது இப்படித்தான்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலுக்கு அடுத்து வந்தது எண்சுவடி என்னும் வாய்ப்பாட்டு ஏடு. முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கிலிருந்து கால், அரை, முக்கால் வரை கீழ்வாய் எண்களாகிய பின்னங்களையும், பொன்னிலக்கம், நெல்லிலக்கம் போன்ற வாய்ப்பாடுகளையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். இதை வெறும் உருப்போடல் என்று பின்னாளில் பலர் ஒதுக்கினார்கள். அது முழு உண்மையன்று. 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்று ஒப்பித்த பிள்ளையின் வீட்டில் அந்த அளவைகள் கண்முன்னே இருந்தன. உழக்கை இரண்டு தரம் கவிழ்த்தால் உரி நிறைவதை அது பார்த்தே வளர்ந்தது. அளவைகள் வீட்டை விட்டுப் போன பிறகு வாய்ப்பாடு மட்டும் மிஞ்சியதுதான் இழப்பு.

எண்ணின் உருவத்தைக் கண்ணில் பதித்தவை, பள்ளியைவிட, விளையாட்டுகளே. ஈழத்துச் சிறுமியர் கொக்கான் வெட்டும்போது கையில் ஐந்து கல். ஒன்றை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் தரையில் உள்ள நான்கையும் அள்ள வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, அடுத்து இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, கடைசியில் நான்கையும் சேர்த்து. நான்கு என்னும் எண் எத்தனை விதமாகப் பிரியும் என்பதை எழுத்தறியாத சிறுமியின் விரல்கள் ஆட்டத்தின் போக்கிலேயே கற்றுக்கொண்டன. இன்றைய ஆசிரியர் பயிற்சி நூல்கள் எண்ணைக் கூட்டியும் பிரித்தும் காணல் என்று விளக்குவது இதைத்தான்.

பல்லாங்குழி இன்னும் நுட்பமானது. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு இத்தனை கொட்டை என்று இட்டுத் தொடங்கி, ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுச் செல்ல வேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தவுடன் அது ‘பசு’. குழிக்குரியவர் அதை எடுத்துக்கொள்வார். அங்கே யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கு சேர்ந்ததைக் கண் ஒரு நொடியில் சொல்லிவிடும். கண்ணின் இந்தத் திறனைச் சோதிக்க 1871இல் பொருளியலாளர் ஜெவன்ஸ் அவரைவிதைகளை ஒரு பெட்டியில் விழும்படி வீசி, பார்த்த கணத்தில் எத்தனை என்று மதிப்பிட்டார். 1,027 முறை செய்ததில் மூன்றிலும் நான்கிலும் அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஐந்திலிருந்துதான் பிழை தொடங்கியது. எண்ணாமலே கண் அறியும் எல்லை நான்கு என்று அந்தச் சோதனை காட்டியது. பல்லாங்குழியில் பசுவும் நான்கு. பாட்டிமார் இதற்குக் கொள்கை எதுவும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்த பயிற்சி கச்சிதமானது. சிங்களச் சிறுவர்கள் சித்திரைப் புத்தாண்டில் குன்றிமணி கொண்டு ஆடும் ‘ஒலிந்த கெலிய’வும் இதே குடும்பம்.

இப்படிப் பொருள்களைக் கொண்டே எண் கற்பித்த கல்வியாளர் மரியா மொன்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து சென்றார். அவரது கதிர்ப்பெட்டியில் 0 முதல் 9 வரை பத்து அறைகள், அவற்றில் இட 45 மரக்கதிர்கள். சுழிய அறை வெறுமையாகவே இருக்கும். ஒன்றுமில்லை என்பதையும் பிள்ளை கண்ணால் காண்கிறது. பல்லாங்குழியின் வெறுங்குழியிலும் அதே பாடம் உண்டு. பத்துகளையும் ஒன்றுகளையும் காட்ட அவர் மணிகளைப் பத்துப் பத்தாகக் கோத்தார். இலங்கைப் பள்ளிகளில் ஆரம்ப வகுப்பு ஆசிரியர்கள் அதற்கு ஈர்க்கைப் பத்துப் பத்தாகக் கட்டினார்கள். பயன் ஒன்றே.

2006இல் போர் சம்பூரை முற்றாக வெறுமையாக்கியது. மக்கள் கிளிவெட்டி முதலிய இடங்களில் முகாம்களில் வாழ்ந்தார்கள். கைத்தொழில் வலயத்துக்கும் கடற்படைக்கும் என்று எடுக்கப்பட்ட காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் படிப்படியாகத் திரும்பக் கிடைத்தன. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொந்த முற்றமே இல்லாமல் போயிற்று. முற்றம் இல்லாத இடத்தில் மண்ணில் குழி தோண்டி ஆடுவதும் பாட்டியோடு கொட்டை எண்ணுவதும் அறுந்துபோவது எளிது.

அந்தப் பழக்கத்தை மீட்கப் பெரும் செலவு தேவையில்லை. சம்பூர் அடங்கிய மூதூர்ப் பகுதியின் முன்பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு பல்லாங்குழிப் பலகை, ஒரு சிரட்டை புளியங்கொட்டை, ஒரு தட்டு மணல், பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்கு ஆகியவை இருக்க வேண்டும். வாய்ப்பாட்டுக் கொப்பியை ஆசிரியர்கள் அவற்றுக்குப் பிறகு திறக்கட்டும்.