மலைப்பாதையும் மோட்டார் வண்டியின் வில்லும்

கண்டியிலிருந்து புறப்பட்டு, கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, மடவளை வழியாக வத்தேகமவை நோக்கிச் செல்லும் பாதையை மலைநாட்டுப் பாதைகளுக்கெல்லாம் ஒரு சிறு மாதிரி எனலாம். ஏற்றமும் இறக்கமும், வளைவுக்குப் பின் வளைவும், ஒரு புறம் மண்மேடும் மறு புறம் பள்ளமுமாக இத்தகைய பாதைகள் அமைந்துள்ளன. இவற்றில் ஓடும் மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் பலர். ஆனால் வண்டியைச் சில்லுகளின் மேல் தாங்கி நிற்கும் வில், அதிர்ச்சி தாங்கி, சில்லைத் திருப்பும் முளை, இறப்பர் புஷ் ஆகியவற்றைப் பற்றி எண்ணுவோர் சிலரே. பாதையின் ஒவ்வொரு குழியையும் முதலில் ஏற்றுக்கொள்வன இவ்வுறுப்புகளே. முதலில் தேய்வனவும் இவையே. பழைய விளையாட்டு மோட்டார் வண்டிகளை இலங்கையில் இன்றுவரை உயிரோடு வைத்திருப்பவர்கள் இத்தேய்ந்த உறுப்புகளைத் தம் வீட்டு முற்றத்திலேயே கழற்றி மாற்றக் கற்றுக்கொண்டனர். அது எவ்வாறு நேர்ந்தது என்பது ஒரு சிறு சரித்திரமாகும்.

அச்சரித்திரம் பாதையிலிருந்து தொடங்குகின்றது. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குச் சென்றது. மலைகளையும் காடுகளையும் அரணாகக் கொண்டிருந்த அந்த இராச்சியத்தை ஆள்வதற்குப் பாதை வேண்டும் என்று தேசாதிபதி எட்வேர்ட் பார்ன்ஸ் கருதினார். 1820களில் கொழும்பு – கண்டிப் பாதை அமைக்கப்பட்டது. அப்பணியை முன்னின்று நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரத்தைக் கடுகண்ணாவையில் இன்றும் காணலாம். 1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. ஆயினும் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலைச்சரிவுகளில் இருந்த கிராமங்களுக்கும் புகையிரதம் செல்லவில்லை. அங்கெல்லாம் மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே சென்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் தடத்திலேயே மோட்டார் வண்டியும் ஏறிற்று.

குதிரை வண்டியிலிருந்து மோட்டார் வண்டி பெற்றுக்கொண்ட சீதனம் வில். இழுக்கும் பளுவின் அளவுக்கேற்ப வில் நீளும் என்னும் விதியை ரொபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678இல் வெளியிட்டார். எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீள்வட்ட வடிவில் அமைத்த வில்லுக்கு ஒபதையா எலியட் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரிமை பெற்றார். பாரமான மரச்சட்டம் இல்லாமலே வண்டியின் உடலை அச்சின்மேல் நிறுத்த அவ்வில் வழிசெய்தது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் வண்டியின் துள்ளலும் ஓரளவு அடங்கிற்று. கொல்லன் தன் உலையில் செய்யக்கூடியதும், பழுதானால் திருத்தக்கூடியதுமாக இவ்வில் இருந்தது. பிற்காலத்தில் மலைநாட்டு மோட்டார் வண்டிகளுக்கு இப்பண்பே பேருதவியாயிற்று.

விளையாட்டு மோட்டார் வண்டியின் கதையும் ஒரு வீட்டுப் பட்டறையில்தான் முளைத்தது. ஒக்ஸ்போர்ட் நகரில் வில்லியம் மொரிஸ் என்னும் இளைஞர் 1893இல், தமது பதினாறாம் வயதில், நான்கு பவுண் முதலோடு பெற்றோரின் வீட்டிலேயே சைக்கிள் திருத்தும் தொழிலைத் தொடங்கினார். பின்னர் அவர் பெரும் மோட்டார் உற்பத்தியாளரானார். அவருடைய மொரிஸ் கராஜஸ் நிறுவனத்தில் முகாமையாளராக இருந்த செசில் கிம்பர், சாதாரண மொரிஸ் வண்டியின் உறுப்புகளைக் கொண்டே இலகுவான, விரைந்து ஓடும் வண்டிகளை ஆக்கினார். அந்நிறுவனத்தின் முதலெழுத்துகளே எம்.ஜி. என்ற பெயராயின.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945ஆம் ஆண்டிலிருந்து 1949 வரை உற்பத்தியான எம்.ஜி. டீ.சீ. வண்டி முன்னும் பின்னும் முழு அச்சும் பட்டை வில்லும் உடையது. ஒரு சில்லு குழியில் விழுந்தால் மறு சில்லும் அதனோடு அசையும். அதன் பின்வந்த டீ.டீ. வண்டியில் முன்சில்லுகள் இரண்டும் தனித்தனியே அசையும் வண்ணம் சுருள் வில் பொருத்தப்பட்டது. அலெக் இசிகோனிஸ், ஜக் டானியல்ஸ் ஆகிய பொறியியலாளர் வகுத்த அவ்வமைப்பு, சிறு மாற்றங்களோடு 1955இல் வந்த எம்.ஜி.ஏ. வண்டிக்கும், 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்.ஜி.பி. வண்டிக்கும் சென்றது. எனவே ஒரு வண்டியில் கைபழகியவர் அடுத்ததையும் கழற்றிப் பூட்ட அஞ்ச வேண்டியதில்லை.

இலங்கையில் இத்தகைய வண்டிகளுக்கு மலைநாடு ஒரு சோதனைக் களமாயிற்று. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டில் தொடங்கிற்று. குறுகிய செங்குத்தான பாதையில் ஒவ்வொரு வண்டியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஏறும் போட்டி அது. எஞ்சினின் வலு மட்டும் அங்கே வெற்றி தராது. வளைவிலே சில்லு தரையை விட்டு எழாமல் பிடித்து வைக்கும் வில்லும் அதிர்ச்சி தாங்கியும் செம்மையாக இருத்தல் வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை மாறிற்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970களில் அந்நெருக்கம் மேலும் இறுகிற்று. புதிய வண்டி வாராது, உதிரி உறுப்பும் எளிதிற் கிடையாது. எனவே இருந்த வண்டியையே காப்பாற்ற வேண்டியதாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இந்நிலை நீடித்தது. வேறொரு நாட்டில் பத்தாண்டில் பழைய இரும்புக் கடைக்குச் சென்றிருக்கக்கூடிய ஒஸ்டினும் மொரிஸும் இங்கே இரண்டு தலைமுறைக்கு உழைத்தன.

இப்பஞ்சத்தில் விளையாட்டு வண்டிக்காரருக்குக் கைகொடுத்தது அதன் எளிய பிறப்பேயாகும். 1958இல் வெளிவந்த ஒஸ்டின் – ஹீலி ஸ்பிரைட் வண்டியின் முன் தாங்கமைப்பு ஒஸ்டின் ஏ35 என்னும் குடும்ப வண்டியினுடையது. அதன் திருப்பும் பற்சட்டம் மொரிஸ் மைனருடையது. இவை இரண்டும் இலங்கைத் தெருக்களில் யாவரும் அறிந்த வண்டிகள். ஆதலால் ஆசிரியரும் வைத்தியரும் ஓட்டிய வண்டிக்குரிய உறுப்பைக் கொண்டு பந்தய வண்டியைத் திருத்துதல் இயன்றது. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளிலே பழைய உறுப்புகளைத் தேடி எடுப்பதும், கிடைக்காததை லேத் பட்டறையில் கடைந்து கொள்வதும் வழக்கமாயின. அயலில் உள்ள பாஸ் ஒருவர் வழிகாட்ட, வண்டிக்காரரே முற்றத்தில் சாக்கை விரித்து வேலையில் இறங்கினார்.

அவ்வேலையின் முறையைச் சிறிது நோக்குதல் பயனுடையது. முதலில் தேய்வை அறிதல் வேண்டும். முன்சில்லை ஜக்கினால் உயர்த்தி, அதன் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும். அவ்வாட்டம் எங்கிருந்து வருகின்றது? ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மற்றவர் மீண்டும் சில்லை அசைக்க வேண்டும். ஆட்டம் மறைந்தால் பழுது சில்லின் பெயாரிங்கில் உள்ளது. மறையாவிடின் கிங்பின் எனப்படும் திருப்பு முளையோ அதன் புஷ்களோ தேய்ந்துள்ளன. கருவி எதுவும் வேண்டாத இச்சோதனை பலரை விபத்திலிருந்து காக்க வல்லது.

அடுத்துக் கழற்றுதல். சுருள் வில் வண்டியின் பாரத்தால் நசுங்கியபடி தன்னுள்ளே பெரும் விசையை அடக்கி வைத்திருக்கின்றது. அவசரத்தில் ஆணியை உருவினால் அவ்வில் பாய்ந்து எலும்பை முறிக்கும். ஆகவே வண்டியின் சட்டத்தை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, வில்லின் அடித்தட்டுக்குக் கீழே ஜக்கை வைத்து, சிறிது சிறிதாக இறக்கி அவ்விசையைத் தணிக்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் அடியிற் படுப்பது ஒருபோதும் ஆகாது. வில்லையும் புஷ்ஷையும் ஒரு பக்கம் மாற்றினால் மறு பக்கமும் மாற்றுதல் முறை. அன்றேல் வண்டி ஒரு புறம் சாயும், பிரேக் பிடிக்கையில் ஒரு புறம் இழுக்கும்.

பூட்டும்போது ஒரு நுட்பம் உண்டு. இறப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுகி நெகிழ்ந்தே அசைவுக்கு இடம் கொடுக்கின்றது. வண்டி உயர்த்தப்பட்டு நிற்கும்போதே அதன் ஆணியை முற்றாக இறுக்கினால், வண்டி தரையிறங்கியவுடன் இறப்பர் நிரந்தரமாக முறுகி நின்று விரைவிற் கிழியும். எனவே சில்லைப் பூட்டி, வண்டியைத் தன் பாரத்தோடு தரையில் நிறுத்திய பின்னரே கடைசி இறுக்கு இறுக்குதல் வேண்டும். திருப்பு முளையின் உலோகப் புஷ்ஷோ வேறு வகையைச் சேர்ந்தது. அதைப் பொருத்திய பின் ரீமர் கொண்டு உரிய அளவுக்குக் குடைய வேண்டும். அங்கே வீட்டு வேலை நின்று, தேர்ந்த பட்டறையின் வேலை தொடங்குகின்றது. அவ்வெல்லையை அறிதலும் தொழிலறிவின் ஒரு பகுதியே.

இந்த இறப்பருக்கும் இந்நாட்டுக்கும் உள்ள தொடர்பு நினைவு கூரத்தக்கது. பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட வித்துகள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் முளைவிட்டபின், அக்கன்றுகள் 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பகாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இலங்கையின் பாற்பட்டையும் உலகத்து மோட்டார் தொழிலுக்கு இறப்பரைத் தந்தது. அவ்வாறிருந்தும் ஒரு சிறு புஷ்ஷுக்காக அந்நியச் செலாவணியை எதிர்நோக்கி நின்ற காலமும் இந்நாட்டுக்கு வாய்த்தது. மூலப்பொருள் இருந்தும் அதை வடிவமாக்கும் ஆலையும் அச்சும் இல்லாமையே காரணம்.

அக்குறை ஓரளவு நீங்கியதற்கும் ஒரு சான்று உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயார் என்பவர் 1970களில் மொரிஸ் மைனர் வண்டிகளைப் புதுப்பிக்கும் நிலையம் ஒன்றை நிறுவினார். ஒரு வண்டியை எறிந்து மறு வண்டி வாங்குவதைவிட, ஒன்றையே திருத்தித் திருத்தி நெடுங்காலம் வைத்திருப்பது சிக்கனம் என்பது அவர் கொள்கை. பின்னர் அவர் இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்து டியூரபிள் கார் கம்பனி என்னும் பெயரில் மைனர் வண்டியின் உறுப்புகளை இலங்கையிலேயே செய்விக்க முன்வந்தார். பஞ்சத்தால் இந்நாட்டினர் கற்ற கை வேலைக்கு, வண்டி பிறந்த நாடே மதிப்பளித்தது.

ஆயினும் பஞ்சம் கற்பித்தவை யாவும் நல்லவை அல்ல. வெட்டிய ரயர்த் துண்டைப் புஷ்ஷாக வைத்தல், முறிந்த வில் பட்டையை ஒட்டி மீண்டும் பூட்டுதல், தேய்ந்த முளைக்குத் தகடு சுற்றுதல் என்பன போன்ற உபாயங்களும் அக்காலத்தில் எழுந்தன. ஒட்டும் வெப்பத்தால் எஃகின் பதம் கெட்டு, வில் அவ்விடத்தருகே மீண்டும் முறியும். மலையிறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்புறத்துக்கே விரைகின்றது. தேய்ந்த திருப்பு முளை அவ்வேளையிற் கைவிட்டால், ஓட்டுபவர் மட்டுமன்றிப் பாதையோரம் நடந்து செல்லும் பள்ளிப் பிள்ளையும் ஆபத்துக்குள்ளாவார். சிக்கனம் வேறு, உயிரைப் பணயம் வைத்தல் வேறு.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. அவ்வைந்தாண்டில் பழைய வண்டிகளைப் பேணும் அறிவு மறுபடியும் வேண்டப்பட்டது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அதைக் கற்றவர்கள் இன்று முதியோர். கணினி கொண்டு பழுது காணும் புதிய வண்டிகளோடு பழகிய இளைஞர்க்குச் சில்லை அசைத்துத் தேய்வறியும் கையுணர்வு தானாக வந்துவிடாது. புத்தகத்தில் அளவுகளைப் படிக்கலாம். ஆணி எவ்வளவு இறுக்கத்தில் நிற்க வேண்டும், எந்த ஓசை எந்தப் புஷ்ஷிலிருந்து எழுகின்றது என்பனவற்றை அருகிருந்தே அறிதல் வேண்டும்.

மடவளையிலும் வத்தேகமவிலும் கண்டியைச் சூழ்ந்த ஏனைய ஊர்களிலும் முற்றத்தில் ஒரு பழைய வண்டியைப் பேணி வருவோர், தாம் அதன் அடியிற் படுத்து வேலை செய்யும்போது வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரையேனும் அருகில் நிறுத்திக் காட்டிக் கொடுப்பாராயின், வண்டியோடு அவ்வறிவும் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேரும்.